ஊசிக்குக் கரையாத வண்டி

“நாப்பது தாண்டினா வளர்ச்சி ஓமோன் குறைஞ்சிரும். அது குறையிறதாலதான் வண்டி வைக்கிது. குறைஞ்சத ஊசியால நிரப்பினாச் சரி.” மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஜிம்முக்குப் போய்வரும் இளைஞனும், கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கும் மச்சானும், யூடியூப் பார்த்துவிட்டு வைத்தியருக்கே வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் இந்த மூன்று வசனங்களையும் இதே ஒழுங்கில்தான் சொல்கிறார்கள். முதலிரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவது தானாகவே வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அது வராது. இரண்டாவதே நேராக நிற்கவில்லை.

ஆனாலும் எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். நொண்டி மாட்டோடு ஓடி வெல்வதில் ஒன்றுமில்லை.

வளர்ச்சி ஓமோன் கபச்சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். 191 அமினோ அமிலங்கள் கோத்தது. பிள்ளையின் எலும்பை நீட்டுவதோடு அதன் வேலை முடிவதில்லை. வளர்ந்தவர் உடம்பிலும் அது கொழுப்பை உடைக்கிறது, புரதத்தைக் கட்டுகிறது. வயது ஏற ஏற அதன் சுரப்பு குறைவதும் உண்மை. கபச்சுரப்பி கெட்டு இந்த ஓமோன் அற்றுப்போனவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். ஊசி போட்டால் அது குறையும். அமெரிக்காவில் 1996 முதல் வளர்ந்தவர்களின் குறைபாட்டுக்கு இதற்கு அனுமதி இருக்கிறது. 1990 ஜூலையில் டானியல் ரட்மன் குழுவினர் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 61 முதல் 81 வயது வரையான 21 ஆண்கள். அதில் 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி. கொழுப்பு 14.4 வீதம் குறைந்தது, கொழுப்பற்ற உடல் 8.8 வீதம் கூடியது. 1997 இல் சுவீடனில் வண்டி வைத்த 30 ஆண்களிடம் ஒன்பது மாதம் சோதித்தபோது ஊசி போட்டவர்களின் உள்வயிற்றுக் கொழுப்பு கிட்டத்தட்ட 18 வீதம் குறைந்தது. கபச்சுரப்பியைத் தூண்டி இதே ஓமோனைச் சுரக்கவைக்கும் டெசாமொரலின் என்ற மருந்தை எச்.ஐ.வி. நோயாளரின் வயிற்றுக் கொழுப்புக்காக அமெரிக்கா 2010 இல் அனுமதித்தது.

இவ்வளவும் மெய். இதைச் சொல்பவர்கள் பொய்யர்கள் அல்லர். மெய்யான மணிகளைப் பிழையான நூலில் கோத்தவர்கள்.

1. தராசைக் கேட்டீர்களா?

கொழுப்பு குறைந்தது என்றால் எடை குறைந்தது என்றா பொருள்? இந்த இடத்தில்தான் முதல் வழுக்கல். சுகதேகிகளான முதியவர்களுக்கு இந்த ஊசியைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளையெல்லாம் 2007 இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். ஊசி பெற்றவர்கள் மொத்தம் 220 பேர். கொழுப்பு சராசரியாக 2.1 கிலோ குறைந்திருந்தது. கொழுப்பற்ற உடல் 2.1 கிலோ கூடியிருந்தது. கூட்டிக் கழித்தால் எடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. உடற்பருமன் உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளை 2009 இல் தொகுத்தபோதும் இதே கதைதான்: கொழுப்பு கொஞ்சம் இறங்கியது, எடை இறங்கவில்லை.

“அப்ப தசை ஏறியிருக்கே!” என்பார்கள். கொழுப்பற்ற உடல் என்பது தசை மட்டுமா? இந்த ஓமோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். கால் வீங்குவதும் மூட்டு நோவதும் மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு விரல் விறைப்பதும் மேலே சொன்ன ஆய்வுகளில் கண்ட பக்கவிளைவுகள். தேங்கிய நீரும் ‘கொழுப்பற்ற உடல்’ கணக்கில்தான் விழும். தசையே ஏறியிருந்தால் பலம் ஏறியிருக்க வேண்டும். 1996 இல் 70 முதல் 85 வயது வரையான 52 ஆண்களிடம் ஆறு மாதம் பார்த்தார்கள். உடம்பின் அமைப்பு மாறியது. பலமோ செயல்திறனோ கூடவில்லை. விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்வுகளை 2008 இல் தொகுத்தபோதும் பலம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எடை குறைக்கும் மருந்து எப்படி இருக்கும் என்று தெரியாத காலமாக இருந்தால் இந்த இரண்டு கிலோவைக் கொண்டாடலாம். 2021 இல் வெளியான ஆய்வில் செமாகுளூடைட் ஊசி 68 கிழமைகளில் உடல் எடையைச் சராசரி 14.9 வீதம் குறைத்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 வீதம். அந்த மருந்துக்கும் குறைகள் உண்டு, அது வேறு வழக்கு. ஆனால் எடைக்கான மருந்து என்ற பெயருக்கு ஒரு தகுதி வேண்டுமென்றால் அது அந்த உயரத்தில் இருக்கிறது. டெசாமொரலின் மருந்தின் விளக்கத் தாளிலேயே ‘எடை குறைப்புக்கு அல்ல’ என்று எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சியே எதிராகச் சாட்சி சொல்கிறது.

2. எது முன்னே, எது பின்னே?

ஓமோன் குறைந்ததால் வண்டி வைத்ததா, வண்டி வைத்ததால் ஓமோன் குறைந்ததா? உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் இந்த ஓமோன் குறைவாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த விடயம். அவர்கள் சாப்பாட்டைக் குறைத்து எடையைக் கணிசமாக இறக்கும்போது சுரப்பு திரும்பவும் கூடுகிறது. கபச்சுரப்பி பழுதாகியிருந்தால் எடை இறங்கியதும் அது எப்படித் தானாகத் திருந்தும்? பழுது சுரப்பியில் இல்லை. குறைவு என்பது கொழுப்பின் விளைவு. புகையை வாளியால் அள்ளி நெருப்பை அணைக்கப் பார்ப்பதுதான் இந்த ஊசி.

இதிலே இன்னொரு சூழ்ச்சியும் நடக்கிறது. “இரத்தம் சோதிச்சுப் பாத்தன், ஓமோன் லெவல் பூச்சியம்” என்று அறிக்கையை நீட்டுவார்கள். இந்த ஓமோன் நாள் முழுதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும். பெரிய துடிப்பு ஆழ்ந்த நித்திரையில் வரும். இடையில் பலமணி நேரம் கண்டுபிடிக்க முடியாத அளவில் கிடக்கும். காலையில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து உங்களுக்கு ஓமோன் இல்லை என்பது, நடுப்பகலில் கல்லடிப் பாலத்தில் நின்றுவிட்டு மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதில்லை என்று எழுதுவதற்குச் சமம். மீன் பாட்டுக் கேட்கப் போகிறவர் பௌர்ணமி இரவில் தோணியில் போய்த் துடுப்பின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். வைத்தியரும் அப்படித்தான். இன்சுலின் கொடுத்துச் சீனியை வேண்டுமென்றே இறக்கி, அந்த அவசரத்துக்குக் கபச்சுரப்பி எழும்புகிறதா என்று கண்காணிப்பில் வைத்துப் பார்ப்பார். இப்படித் தூண்டிப் பார்க்கும் சோதனை இல்லாமல் ‘குறைபாடு’ என்று மருத்துவத்தில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சோதனையிலும் பருத்தவர்களின் சுரப்பி மந்தமாகத்தான் பதில் சொல்லும் என்பதால், எடையைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

3. சீனி வருத்தக்காரர் ஊரில் சீனி ஏற்றும் ஊசியா?

இந்த மறுப்பு மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், ஆறுதலாகவே சொல்கிறேன்.

ஆர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹௌசே 1947 இல் நோபல் பரிசு பெற்றது எதற்காக? கபச்சுரப்பியின் முன்மடல் உடம்பின் சீனியை ஆளுகிறது என்று காட்டியதற்காக. அந்தச் சுரப்பியின் சாற்றைக் கொடுத்தால் சீனி ஏறும். சுரப்பியை அகற்றினால் நீரிழிவின் கடுமை குறையும். அதாவது வளர்ச்சி ஓமோன் சீனியை ஏற்றும் பக்கத்து ஆள் என்பது நேற்று வந்த பக்கவிளைவுச் செய்தி அல்ல. முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய அறிவு.

ஏன் ஏற்றுகிறது? வளர்ச்சி ஓமோனைப் பட்டினியின் காவல்காரன் என்று நினைத்துப் பாருங்கள். சாப்பாடு கிடைக்காதபோது அதன் சுரப்பு கூடும். கொழுப்பை உடைத்து இரத்தத்தில் விடும், தசை அந்தக் கொழுப்பை எரித்துக்கொள்ளும், மிச்சமாகும் குளுக்கோஸ் மூளைக்குப் போகும். இதற்காகத்தான் அது இன்சுலினின் பேச்சைத் தசை கேட்காதபடி செய்கிறது. ஆக, கொழுப்பைக் கரைப்பதும் சீனியை இரத்தத்திலே நிறுத்துவதும் இரண்டு வேலை அல்ல, ஒரே வேலை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இரண்டாவது எனக்கு வேண்டாம் என்று யாரும் பேரம்பேச முடியாது. சதையி பலமாக இருப்பவர் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிப்பார். சமாளிக்க முடியாதவருக்கு நீரிழிவு.

இலங்கையில் சமாளிக்க முடியாதவர் எத்தனை பேர்? 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வு, வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இன்னும் 30 வீதம் பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். எங்கள் உடம்பு வாகும் இதற்கு ஒத்துழைக்கிறது: ஐரோப்பியருக்கு ஒன்றும் செய்யாத எடையிலேயே எங்களுக்கு உள்வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும். ஆசியருக்கு உடல் திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004 இல் எழுதினார்கள். தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்று எல்லை போட்டதும் அதனால்தான்.

இப்போது ஊசி யாருக்குத் தேவைப்படுகிறது என்று பாருங்கள். நாற்பது தாண்டியவர், கதிரையில் இருந்து வேலை செய்பவர், வண்டி வைத்தவர், தகப்பனுக்கோ தாய்க்கோ சீனி வருத்தம் உள்ளவர். அந்த வாசற்படியில் நிற்கும் 30 வீதத்தின் அச்சுப் பிரதி! சுவீடனின் ஆய்வை எனக்கெதிராக எடுத்து வருபவர்கள் அதையும் முழுதாக வாசிக்கட்டும். அங்கேயும் முதற் கிழமைகளில் இன்சுலினின் வேலை கெட்டது, பிறகுதான் சீர்ப்பட்டது. தெரிந்தெடுத்த ஆட்கள், அளந்த மருந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை. அந்தச் சீர்ப்படுதலை நாவற்குடாவில் ஒரு வீட்டின் குசினியில், அளவு தெரியாத ஊசியோடு எதிர்பார்க்கலாமா? உடற்கட்டு உலகத்தில் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: வளர்ச்சி ஓமோனோடு இன்சுலினையும் சேர்த்துப் போடுவதாம். நெருப்புக் கொள்ளியை வைத்துவிட்டுக் கிணற்றுக்குள்ளும் பாயும் ஆலோசனை. சீனி திடீரென்று இறங்கி நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

4. ‘உடம்பே சுரக்கிற சாமான்தானே?’

ஆம். இன்சுலினையும் உடம்புதான் சுரக்கிறது. அதிகம் போட்டால் என்ன நடக்கும் என்று இப்போதுதான் சொன்னேன். இயற்கை என்ற சொல் அளவைப் பற்றி எதுவும் சொல்லாது. கபச்சுரப்பியில் ஒரு கட்டி வந்து இந்த ஓமோனை இடைவிடாமல் கக்கினால் அதற்கு அக்ரோமெகலி என்று பெயர். மோதிரம் விரலில் ஏறாது, சப்பாத்தின் அளவு கூடிக்கொண்டு போகும், தாடை முன்தள்ளும், இதயம் பருக்கும், சீனியும் பிரஷரும் ஏறும், நித்திரையில் மூச்சுத் தடைப்படும். அத்தனையும் ‘இயற்கையான’ ஓமோனின் வேலை.

இயற்கைக்கே போவோம். இந்த மருந்தின் சரித்திரத்தில் ஆக இயற்கையான காலம் ஒன்று இருந்தது. 1958 இல் மோரிஸ் ரேபன் முதன்முதலாக மனித வளர்ச்சி ஓமோனைக் கொடுத்து ஒரு பையனை வளரச்செய்ததை அறிவித்தார். அந்த ஓமோன் இறந்தவர்களின் கபச்சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. முழுக்க முழுக்க மனிதச் சரக்கு. 1985 இல், சிறுவயதில் அந்த ஊசி போட்டவர்கள் சிலர் மூளையைச் சிதைக்கும் குரொய்ட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோயால் இறந்தது தெரியவந்ததும் அமெரிக்கா விநியோகத்தை நிறுத்தியது. பிரான்ஸில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே 1985 இல் பற்றீரியாவை வைத்துச் செய்த செயற்கை ஓமோன் வந்துதான் குட்டையான பிள்ளைகளைக் காப்பாற்றியது. இயற்கை கொன்றது, செயற்கை காத்தது. இந்த மருந்தை விற்க இயற்கை என்ற சொல்லை எடுப்பவர் அதன் சரித்திரத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

5. இளமை திரும்புமா?

இதற்குச் சுருக்கமாகவே பதில். ரட்மனின் கட்டுரை இளமை வியாபாரிகளின் விளம்பரத் தாளாகிப்போனதைக் கண்டித்து அதை வெளியிட்ட சஞ்சிகையே 2003 இல் ஆசிரியர் கட்டுரை எழுதியது. எக்குவடோரில் வளர்ச்சி ஓமோனை ஏற்கும் வாங்கியே பழுதாகப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஓமோன் ஓடினாலும் அவர்களின் உடம்புக்கு அது கேட்காது. குள்ளமானவர்கள், பலர் பருத்தவர்களும்கூட. 22 ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வு 2011 இல் வெளியானது. 99 பேரில் ஒருவருக்கும் நீரிழிவு இல்லை. புற்றுநோய் ஒருவருக்கு மட்டும். இந்தக் குறையில்லாத அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு இரண்டும் வழமைபோல் வந்தன. எதிர்த்தரப்பின் கணக்குப்படி இவர்களல்லவா முதலில் மூத்து நரைத்து வீழ வேண்டும்?

6. குப்பிக்குள் இருப்பது எது?

இவ்வளவு நேரமும் குப்பிக்குள் வளர்ச்சி ஓமோன்தான் இருக்கிறது என்று வைத்துப் பேசினேன். அது என் தாராளம். புரத மருந்து, பொடியைக் கண்ணால் பார்த்து எவரும் அடையாளம் சொல்ல முடியாது. இந்த நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் குப்பிகளே போலி என்று 2023 இல் வெடித்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். அரசாங்கத்தின் கொள்வனவு வழியிலேயே இப்படியென்றால், பயணப் பொதியில் சப்பாத்துக்குள் சுற்றி வரும் குப்பிக்கு யார் பொறுப்பு? 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு அந்தக் குப்பியைத் தெரியாது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய சாமான் வேறு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் நிறுத்திய நாடு இது. நாக்கின் கீழ் தெளிக்கும் ‘ஓமோன் ஸ்பிரே’ பற்றிச் சொல்லவே வேண்டாம்: 191 அமினோ அமிலப் புரதம் அப்படிக் கடந்து போகாது, விழுங்கினால் இறால் ஆணத்தின் புரதத்தைப் போலச் செரித்துவிடும். ஆணம் ருசியாவது தரும்.

‘என் காசு, என் உடம்பு’ என்ற கடைசி வாதம் மிச்சம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். பெரியவர் ஒருவர் தன் உடம்பை என்ன செய்தாலும் தடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் அது அனுமதி கேட்கும் வாதம்; ஊசி வேலை செய்யும் என்று நிறுவும் வாதம் அல்ல. அடுத்து, அவரைப் பார்த்து இந்த ஊரில் ‘வளர்ச்சி ஓமோன் குறைபாடு’ என்ற சொல்லே ஜிம் பேச்சாகி, காசுக்காரரின் வண்டிக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் வாவிக்கு அந்தப்பக்கம் இருக்கிறார்கள்.

ஜிம்கள் வாவிக்கு இந்தப்பக்கம் எழுவான்கரையில், வயல் வட்டைகள் அந்தப்பக்கம் படுவான்கரையில். வெள்ளாண்மை வெட்டும் காலத்தில் வட்டைக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும், புடையன் என்போம். அதன் நஞ்சு இரத்தத்தின் உறைதலைக் குழப்பி, கபச்சுரப்பிக்குப் போகும் நுண்ணிய குழாய்களையும் கெடுக்கக்கூடியது. கடித்தவர் பிழைத்துவிடுவார், சுரப்பி செத்துவிடும். பர்மாவின் விவசாயிகளிடம் இதைக் கண்டு 1987 இல் எழுதினார்கள். தென்னிந்தியாவிலும் கண்டார்கள். இலங்கையின் முதல் நோயாளி பற்றிய அறிக்கை 2011 இல் வெளியானது. பிள்ளைப்பேற்றில் அளவுகடந்து இரத்தம் போன தாய்மாருக்கும் இதுவே நடக்கும். ஹரோல்ட் ஷீஹான் 1937 இல் விவரித்ததால் அவருடைய பெயரில் வழங்குகிறது. மோட்டார் சைக்கிளில் விழுந்து தலை அடிபட்டவர்களில் சிலருக்கும் வரும்.

இவர்களுக்கு இல்லாமல் போவது வளர்ச்சி ஓமோன் மட்டுமல்ல. உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கோட்டிசோலும் போய்விடும், தைரொயிட்டை ஓட்டும் கட்டளையும் போய்விடும். முதலில் ஹைட்ரோகோட்டிசோன் குளிசை, பிறகு தைரொக்சின். இந்த ஒழுங்கு மாறினால் ஆள் விழுந்துவிடுவார். வளர்ச்சி ஓமோனின் முறை கடைசியில்தான் வரும். அங்கே அது மருந்து. ஆனால் முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒருவர் மண்முனைப் பாலம் கடந்து கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு, குளிர் தாங்காது, வெயிலுக்குள் நின்றால் தலைசுற்று. வயிறு மட்டும் கொஞ்சம் வைத்திருக்கிறது. வயது நாற்பத்திரண்டு. “பாம்பு கடிச்சிருக்கா?” என்று கேட்டால், ஓம், நாலு வருசத்துக்கு முதல் வட்டைக்குள்ள புடையன், மூத்திரம் போகாமக் கிடந்து எழும்பினன் என்று சொல்வார். அதற்குப் பிறகு சவரம் செய்யத் தேவைப்படவில்லை என்பதையும் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் விட்டமின் குளிசையை வாங்கிக்கொண்டு, பின்னேர பஸ்ஸைப் பிடிக்க நடப்பார்.